நாற்பத்தேழாம் எண் ஜாடி

2024 மே 9
தென்கடல், கப்பலிலிருந்து

அக்காவுக்கு,

லிஃபான் எழுதுகிறேன். உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் நீ கிழித்துப் போடவில்லை என்றால் மீதியையும் படித்துவிடு. புது வருஷ வசந்த விழாவுக்குப் பிறகு நான்கு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. இனி மனம் மாறி எடுத்தாலும் பயனில்லை. கப்பலேறிய அன்றே எல்லாருடைய போனையும் வாங்கிப் பூட்டிவிட்டார்கள். நாங்கள் நிற்கும் இடம் வெளியே தெரிந்தால் திருடர்கள் வந்துவிடுவார்களாம். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஆழத்துக்கு எந்தத் திருடன் வருவான் என்று கேட்டேன். எங்கள் தலைமை அதிகாரி கூ சிரிக்கவில்லை. பத்து நாளைக்கு ஒருமுறை சான்யா துறைமுகத்திலிருந்து காய்கறிப் படகு வரும். கடிதம் அதில்தான் வரும், போகும்.

அன்று சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் "எங்க அக்கா ராஜா வீட்டுக் குப்பையைப் பொறுக்குறா" என்று சொன்னது தப்புதான். குடித்திருந்தேன். அப்பாவின் நண்பர்கள் சிரித்ததும் எனக்கு இன்னும் கொஞ்சம் வாய் நீண்டுவிட்டது. நீ பதிலுக்குச் சொன்னதும் லேசுப்பட்டதில்லை. இரண்டுக்கும் சரியாகப் போயிற்று என்று வைத்துக்கொள்வோமா?

இங்கே கடலடியில் கிடப்பது ஒரு வியாபாரக் கப்பல். மரம் பெரும்பாலும் போய்விட்டது. சரக்கு மட்டும் கப்பலின் வடிவத்திலேயே குவிந்து கிடக்கிறது. தட்டு, கிண்ணம், ஜாடி, எல்லாம் நம் ஊர்ச் சூளைகளில் சுட்ட பீங்கான். ஐந்நூறு வருஷம் இருக்கும் என்கிறார்கள். மூழ்கு கலத்தில் ஓட்டுநராக நான், பக்கத்தில் ஒரு ஆய்வாளர், இரண்டு பேர்தான் உட்கார முடியும். இறங்க முக்கால் மணி நேரம். விளக்கைப் போட்டதும் நம் தெருப் பீங்கான் கடை எல்லாவற்றையும் யாரோ கடலில் கவிழ்த்த மாதிரி இருந்தது. நீ பார்க்க வேண்டும் அக்கா. உண்மையாகவே அதைத்தான் முதலில் நினைத்தேன்.

படங்கள் உங்கள் ஆய்வகத்துக்கு வரும். பாத்திரங்களின் நிலை பற்றிய அறிக்கையை எழுதப் போவது நீதான் என்று கூ சொன்னார். அதில் நாற்பத்தேழாம் எண் ஜாடி தோளில் உடைந்திருக்கும். அந்தக் காலத்து உடைப்புதான். அப்படியே எழுதிவிடு, பெரிதாக ஆராய அதில் ஒன்றும் இல்லை.

சாப்பாடு பரவாயில்லை. சமையல்காரர் லாவ் தொட்டியில் பயறு முளைகட்டி வளர்க்கிறார். தினமும் அதுதான். அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

லிஃபான்


2024 மே 16
ஜிங்தேஜென்

லிஃபானுக்கு,

சரியாகப் போகவில்லை. நீ சொன்னது முப்பது பேர் முன்னால், நான் சொன்னது சமையலறையில் உன்னிடம் மட்டும். கணக்கு தெரியாதவன் மாதிரி எழுதாதே.

அந்தக் காலத்து அரண்மனைச் சூளையில் ஒரு சின்னக் குறை இருந்தாலும் அதிகாரி சுத்தியால் தட்டி உடைத்துக் குழியில் போட்டுவிடுவான். அரசனுக்கு ஆகாதது வேறு யாருக்கும் ஆகக்கூடாது. அந்தக் குழியைத்தான் நான் பதினாறு வருஷமாகத் தோண்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். குப்பைதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது என் குப்பை. நீ சிரிப்பாக்க வேண்டியதில்லை. உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவன் சாப்பிடுறான்னா சரி, நீ அவனைத் திட்டாத" என்றாள். அதனால் இத்தோடு விடுகிறேன்.

படங்கள் வந்தன. மூன்று நாளாக ஆய்வகத்தில் யாரும் வேறு வேலை செய்யவில்லை. நீலம் நேற்று பூசின மாதிரி இருக்கிறது. ஒரு தட்டில் தாமரைக் குளமும் இரண்டு வாத்தும். வரைந்தவன் அவசரத்தில் இரண்டாவது வாத்துக்கு அலகு போட மறந்துவிட்டான், அப்படியே சுட்டு அனுப்பியிருக்கிறார்கள். அரண்மனைச் சூளையாக இருந்தால் அது என் குழியில் கிடந்திருக்கும். வெளிநாட்டுக்காரனுக்குத்தானே, போகட்டும் என்று விட்டிருக்கிறார்கள். பார்த்துப் பார்த்துச் சிரித்தேன். இதற்காக உனக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

இப்போது நாற்பத்தேழு. உடைந்து ஐந்நூறு வருஷம் கடலில் கிடந்த விளிம்பு பழுப்பேறியிருக்கும், சேறு ஒரு தோல் மாதிரி ஒட்டியிருக்கும். பக்கத்தில் கிடக்கிற நாற்பத்தாறையும் ஐம்பத்திரண்டையும் பார், அப்படித்தான் இருக்கின்றன. நாற்பத்தேழின் விளிம்பு வெள்ளை வெளேரென்று இருக்கிறது. தோளின் இடது பக்கத்தில் மேலிருந்து ஏதோ தட்டையாக அழுத்தியிருக்கிறது, அங்கிருந்துதான் விரிசல்கள் கிளம்புகின்றன. உருண்டு விழுந்து உடைந்தால் இப்படி உடையாது. உடைந்த பாத்திரம் பார்ப்பதுதான் என் பிழைப்பு என்பது உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது.

எழுபது பாத்திரத்தில் இந்த ஒன்றைப் பற்றி மட்டும் நீ ஏன் முன்கூட்டியே எழுதினாய்?

சூயுன்


2024 மே 29
கப்பலிலிருந்து

அக்காவுக்கு,

படத்தில் வெள்ளையாகத் தெரிவது விளக்கு வெளிச்சம். எங்கள் விளக்கு எவ்வளவு கடுமையானது என்று உனக்குத் தெரியாது. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கடலடியில் நடந்ததைச் சொல்வது சுலபம்.

அதைப் பற்றி முன்கூட்டியே எழுதியதற்குக் காரணம், இங்கே அதைப் பற்றி ஒரு சின்னச் சச்சரவு நடந்ததுதான். அதைக் கண்ட அன்று என்னோடு கலத்தில் வந்தவள் நிங் ஷூ என்ற பெண். ஆழத்துக்கு அவளுக்கு அதுதான் முதல் பயணம். போகிற வழியில் ஜன்னலில் பார்த்துக் குறிப்பேட்டில் "மூடியோடு முழு ஜாடி" என்று எழுதிவிட்டாள். பிறகு படம் எடுத்தபோது அது உடைந்து கிடந்தது. குவியலின் ஓரத்தில் இருந்ததால் முன்னால் எடுத்த படம் எதிலும் அது இல்லை. கூ அவளை எல்லார் முன்னாலும் ஒரு பிடி பிடித்தார். முதல் தடவை போகிறவர்களுக்குப் பதற்றத்தில் உடைந்ததும் முழுசாகத்தான் தெரியும், குறிப்பேட்டில் கதை எழுதக் கூடாது என்றார். அவளை இறங்குகிறவர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது மேலே உட்கார்ந்து சேறு சலிக்கிறாள். பாவம்தான், ஆனால் அது கூவின் முடிவு.

ஜாடியைப் போன வாரம் தூக்கியாயிற்று. அடியில் தகடு செருகி, சேற்றோடு அப்படியே பெட்டியில் இறக்கினோம். நாளைப் படகில் உங்களிடம் வருகிறது. நேரில் பார்த்தால் நீயே புரிந்துகொள்வாய். புரியாவிட்டாலும் எழுதுவதில் என்ன வந்துவிடப் போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. பழைய உடைப்பு, புது உடைப்பு, இரண்டையும் நீ ஒட்டத்தானே போகிறாய்.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

லிஃபான்


2024 ஜூன் 14
ஜிங்தேஜென்

லிஃபானுக்கு,

அம்மாவின் முழங்கால் அப்படியே இருக்கிறது. சீட்டாட உட்கார்ந்தால் மட்டும் வலிப்பதில்லை.

இந்தக் கடிதத்தை மெதுவாகப் படி. கோபத்தில் எழுதவில்லை. இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டு மூன்றாவதாக எழுதுகிறேன்.

பெட்டி மூன்றாம் தேதி வந்தது. ஜாடியின் தோள் போயிருந்தாலும் வாய் அப்படியே இருக்கிறது. மரமூடியை வைத்துச் சுண்ணாம்புக் கலவையால் சுற்றிப் பூசியிருக்கிறார்கள். உள்ளே சின்னக் கோப்பைகளை அடுக்கி, இடையில் மண் நிரப்பியிருக்கிறார்கள். கடல் சேறு இல்லை, நம் ஆற்றங்கரை மண். கரண்டியால் ஒரு பக்கம் கொஞ்சம் எடுத்தேன். கறுப்பாக நூல் மாதிரி ஏதோ வந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் வேர். கோப்பையின் அடிவளையத்தைச் சுற்றிச் சுற்றி, ஒன்றோடொன்று பின்னி, கூடை முடைந்த மாதிரி. அந்த வேர்கள் கிளம்புகிற இடத்தில் பிளந்த பயறு ஒன்று இருந்தது.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பழைய புத்தகம் ஒன்றில் இதைப் பற்றிச் சில வரிகள் உண்டு. தூர தேசத்துக்குப் போகிற பாத்திரத்தைக் கட்டுகிறவர்கள் இடையில் மண் போட்டு, அதில் பயறோ கோதுமையோ தூவி, தினமும் தண்ணீர் தெளித்து ஈரத்தில் வைப்பார்களாம். முளைத்து வேர் பிடித்ததும் பாத்திரமெல்லாம் ஒரே கட்டாக இறுகிவிடுமாம். எல்லாரும் படித்திருக்கிறோம், கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. வேர் எங்கே ஐந்நூறு வருஷம் நிற்கும்? இது நின்றிருக்கிறது. மூடிப் பூசின ஜாடி, காற்று போகாத மண், உன் கடலின் குளிர். அந்தக் கட்டு நம் ஊரில் எவன் வீட்டு முற்றத்திலோ முளைத்தது. மூன்று நாள் நான் யாரிடமும் பேசவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

நான்காம் நாள் மதிப்பீட்டுக் குழு வந்தது. குழுத் தலைவர் யென் வேரைப் பார்த்தார், பிறகு கப்பலிலிருந்து வந்த அறிக்கையைப் பார்த்தார். அறிக்கையில் ஜாடி பழைய காலத்திலேயே உடைந்தது என்று உங்கள் கப்பல் எழுதியிருக்கிறது. "அஞ்சு நூறு வருஷம் தோள் திறந்து கெடந்த ஜாடியில வேர் மிஞ்சுமா? புழு தின்னிருக்காதா? கப்பல்ல பயறு மொளைக்க வைக்கிறாங்களாமே" என்றார். உங்கள் சமையலறைத் தண்ணீர் பெட்டியில் பட்டிருக்கும் என்பது அவர் முடிவு. நான் கத்தினேன். பயன் இல்லை, ஏனென்றால் அவர் சொல்வது சரி. உடைப்பு பழையது என்றால் வேர் பழையதாக இருக்க முடியாது. இரண்டும் ஒன்றாக நிற்காது.

கோப்பைகள் அக்டோபர் கண்காட்சிக்குப் போக வேண்டுமாம். அதனால் ஜூலை 15 காலை ஒன்பது மணிக்கு மண்ணை நீரடித்துக் கழுவச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. வேரின் வயதைப் பார்க்க அனுப்பலாம்தான், அதற்கும் குழுவின் கையெழுத்து வேண்டும். இத்தனை வருஷமும் மூடிக் கிடந்த ஜாடி என்றால்தான் கையெழுத்து. கழுவிவிட்டால் சாக்கடைக்குப் போன வேரை நான் எங்கே தேடுவது?

நான் வெள்ளை விளிம்பைக் காட்டினேன். தூக்கும்போது சிராய்த்திருக்கும் என்கிறார்கள். படம் எடுத்த அன்றே வெள்ளையாக இருந்தது என்றேன். விளக்கு வெளிச்சம் என்கிறார்கள். உன் பேச்சுதான், அவர்கள் வாயில். நிலை அறிக்கையில் "உடைந்த காலம்" என்ற இடத்தை நான் இன்னும் காலியாக வைத்திருக்கிறேன்.

அந்த ஜாடி அன்று காலை முழுசாக இருந்தது என்று பார்த்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தியை யாரும் நம்பவில்லை. அவள் சேறு சலிக்கிறாள். இன்னொருவன் எனக்கு விளக்கைப் பற்றிப் பாடம் எடுக்கிறான்.

உன் வேலை போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அப்பா இறந்த பிறகு கடல் ஒன்றுதான் உன்னைச் சாய விடாமல் பிடித்துக்கொண்டது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன், திட்டவில்லை. என்னடா நடந்தது?

சூயுன்


2024 ஜூன் 29
கப்பலிலிருந்து

அக்காவுக்கு,

உனக்கு மட்டும் எழுதுகிறேன். படித்துவிட்டு எரித்துவிடு.

ஏப்ரல் 26. கலம் கீழே இறங்குவதற்காக அதன் அடிவயிற்றில் இரும்புத் தகடுகளைக் கட்டியிருப்போம். தரையை நெருங்கியதும் அதில் பாதியை உதிர்த்துவிட வேண்டும். அப்போதுதான் கலம் ஏறாமல் இறங்காமல் நின்ற இடத்தில் நிற்கும். குவியலுக்கு நூறு மீட்டர் தள்ளி உதிர்ப்பதுதான் முறை. அன்று நான் உதிர்க்கப் போனபோது விளக்கில் கீழேயும் ஏழெட்டுத் தட்டுகள் தெரிந்தன. குவியலிலிருந்து சிதறி வந்தவை. அதன்மேல் இரும்பைப் போட மனம் வரவில்லை. கொஞ்சம் போட்டேன், மீதியைக் குவியலின் ஓரமாக மறுபக்கம் போய்ப் போடலாம் என்று கலத்தைத் திருப்பினேன். கனம் கூடுதலாக இருந்ததால் திருப்பத்தில் கலம் தாழ்ந்தது. கலம் தரையில் நிற்க அடியில் இரண்டு சறுக்குக்கால் உண்டு, அதில் வலதுகால் எதன்மேலோ உட்கார்ந்தது. டொக் என்று ஒரு சத்தம். கலத்துக்குள் அது கதவைத் தட்டின மாதிரி கேட்டது.

நிங் மறுபக்க ஜன்னலில் இருந்தாள். "என்ன சத்தம் அது?" என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. "இரும்பு உதிர்ற சத்தம், பயப்படாத" என்றேன். புதியவள், நம்பிவிட்டாள். சேறு கிளம்பி அரை மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. தெளிந்தபோது ஜாடி அப்படிக் கிடந்தது. பழைய உடைப்பு என்று நான்தான் முதலில் சொன்னேன். ஒருமுறை சொன்ன பிறகு அதை விழுங்க முடியவில்லை. தட்டுகள் உடையக் கூடாதென்று பார்த்துத்தான் இதை உடைத்தேன், இதை யாரிடம் சொன்னாலும் சாக்கு சொல்கிற மாதிரி இருக்கும்.

உடைத்ததற்கு மட்டும் என்றால் மூன்று மாதம் இறங்கக் கூடாது என்பார்கள். மறைத்ததற்கு ஓட்டுநர் இருக்கையே போய்விடும், திரும்பக் கிடைக்காது. எங்கள் வேலையில் உள்ளே இருக்கிறவன் சொல்லை நம்பித்தான் மேலே எல்லாம் நடக்கிறது. பொய் சொன்னவனை மறுபடி கீழே அனுப்ப மாட்டார்கள். நானாக இருந்தாலும் அனுப்ப மாட்டேன்.

எனக்கு வேறு எதுவும் தெரியாது அக்கா. வயது முப்பத்தொன்பது. கீழே போய் விளக்கை அணைத்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருப்பேன். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இந்த மூன்று மாதப் பயறும் உப்புத் தண்ணீரும். நிங்கைச் சாப்பாட்டு அறையில் பார்க்கும்போதெல்லாம் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுகிறேன். நான் நல்லவன் என்று சொல்லவில்லை, பயமாக இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

வேறு வழி இருந்தால் எழுது. உன்னைப் போல உடைப்பு பார்க்கத் தெரிந்தவர்கள் நாலு பேர் சேர்ந்து சொன்னால் யென் கேட்க மாட்டாரா?

லிஃபான்


2024 ஜூலை 4
ஜிங்தேஜென்

லிஃபானுக்கு,

உன் கடிதத்தை எரிக்கவில்லை, யாருக்கும் காட்டவும் இல்லை. என் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறேன், அங்கேயே இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போய் யென் முன்னால் போட்டால் என் வேர் பிழைத்துவிடும். நேற்று முழுக்க அந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னால் முடியவில்லை. நீ என் தம்பி.

வேறு வழி இல்லை. நாலு பேரைக் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

நிலை அறிக்கையில் பொய்யும் எழுத மாட்டேன். "புது உடைப்பு, காரணம் தெரியவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதை யாரும் பொருட்படுத்தப் போவதில்லை. பதினைந்தாம் தேதி காலை குழாயைத் திறப்பார்கள். நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன்.

இந்தக் கடிதம் பத்தாம் தேதிப் படகில் உன்னிடம் வரும். அதற்குப் பிறகு நான் உன்னை எதுவும் கேட்க மாட்டேன். நீ சொல்லாமலே இருந்துவிட்டாலும் புது வருஷத்துக்கு வீட்டுக்கு வா. அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

அக்கா


2024 ஜூலை 12
கப்பலிலிருந்து

அக்காவுக்கு,

இது உன் கைக்கு வருமுன்பே உனக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் நானே எழுத வேண்டும்.

பத்தாம் தேதி மத்தியானம் உன் கடிதம் வந்தது. நீ திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டி எழுதிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். நீ திட்டவில்லை. மறுநாள் காலைக் கூட்டத்தில், அன்று இறங்குகிறவர்கள் பெயரைக் கூ வாசித்துக்கொண்டிருந்தார். என் பெயரும் இருந்தது. எழுந்து நின்று சொல்லிவிட்டேன். நாற்பத்தேழாம் ஜாடி மூடியோடு முழுசாக இருந்தது, என் சறுக்குக்கால் பட்டு உடைந்தது, நிங் எழுதினது சரி.

கூ தாளிலிருந்து தலையைத் தூக்காமலே "உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

"அன்னைக்கே தெரியும்."

"அப்பறம் எத்தனை தடவை எறங்கின?"

"ஏழு தடவை."

அவர் என் பெயரைப் பேனாவால் அடித்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. கணினி அறைக்கு அழைத்துப் போய் எழுதச் சொன்னார். எழுதினேன். சறுக்குக்காலின் கறுப்புச் சாயம் ஜாடியின் உடைந்த துண்டு ஒன்றில் ஒட்டியிருக்கும், பெட்டியில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள் என்றும் சேர்த்தேன். அது குழுவுக்கு அன்று மதியமே போய்விட்டது. உன் வேரின் விஷயம் கூவுக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "உன்னால என்ன போகப் பார்த்துச்சு தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன்.

பிறகு நிங்கிடம் போனேன். சல்லடையைக் கீழே வைத்துவிட்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். மன்னிப்பு கேட்டேன். "என் கண்ணு மேல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு அண்ணா. ரெண்டு மாசமா எதைப் பார்த்தாலும் ரெண்டு தடவை பார்க்குறேன்" என்றாள். இவ்வளவும் கேட்ட பிறகும் என்னை அண்ணா என்று கூப்பிட்டது எனக்குத் தாங்கவில்லை. பின்பக்கம் போய் அழுதேன்.

அவளை மறுபடி பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இன்று காலை அவள் இறங்கினாள். கலத்தைக் கடலில் இறக்குகிற கயிற்றை நான்தான் பிடித்தேன். என்னை இருபதாம் தேதிப் படகில் அனுப்புகிறார்கள்.

லிஃபான்


2024 செப்டம்பர் 20
ஜிங்தேஜென்

லிஃபானுக்கு,

நடு இலையுதிர் விழாவுக்கு நீ வருவாய் என்று அம்மா உனக்குப் பிடித்த எள் வைத்த நிலாப் பலகாரம் வாங்கி வைத்திருந்தாள். விடுப்பு தரவில்லை என்று சொன்னதும் எல்லாவற்றையும் எனக்கே கொடுத்துத் தீர்க்கச் சொன்னாள். இரண்டு கிலோ ஏறிவிட்டேன். கரையில் உனக்குக் கொடுத்திருக்கிற பட்டறை வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டால் போனில் நீ "ம்" என்கிறாய். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். எழுதினால்தான் உன் வாயிலிருந்து ஏதாவது வருகிறது.

உன் வாக்குமூலம் குழுவிடமிருந்து எனக்கு ஜூலை 12 வந்தது. கறுப்புச் சாயம் பதினேழாம் துண்டில் இருந்தது. குழாயை நிறுத்திவிட்டார்கள். யென் என் அறைக்கே வந்து, வேரை அனுப்புவதற்கான தாளில் கையெழுத்துப் போட்டார். முடிவு நேற்று வந்தது. ஐந்நூறுக்கு முன்பின் முப்பது வருஷம். சமையல்காரர் லாவின் பயறு இல்லை.

மண்ணைத் தூரிகையாலும் ஊசியாலும் எடுக்க ஐந்து வாரம் ஆயிற்று. கோப்பைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்த பிறகும் வேர்க்கட்டு கூடை மாதிரி அப்படியே நிற்கிறது. நிங் ஷூ விடுப்பில் வந்து இரண்டு நாள் உதவினாள். நல்ல கண் அவளுக்கு, நான் தவறவிட்ட பயறு மூன்றைக் கண்டுபிடித்தாள்.

இப்போது முக்கியமானது. உள்ளே பதினொரு கோப்பைகள். பதினொன்றும் முழுசு. ஒரு கீறல், ஒரு சில்லு கிடையாது. வெளி ஜாடி நொறுங்கியிருக்கிறது, உன் கலத்தின் கனம் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது, உள்ளே ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பழைய புத்தகத்தில் நான் உனக்குச் சொல்லாத ஒரு வரி இருக்கிறது. வேர் பிடித்த கட்டை வண்டியில் ஏற்றுமுன் கட்டாந்தரையில் தூக்கிப் போட்டுப் பார்ப்பார்களாம். உடையாததைத்தான் கடலுக்கு அனுப்புவார்கள். அந்தக் கட்டைக் கட்டினவனும் போட்டுப் பார்த்திருப்பான். அவன் கைவேலை எவ்வளவு தாங்கும் என்பது உன்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. நீ செய்தது சரி என்று இதற்கு அர்த்தம் இல்லை. எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் பதினொன்றையும் வரிசையாக மேசையில் வைத்தபோது உன்னைத்தான் நினைத்தேன்.

அறிக்கை அச்சுக்குப் போகிறது. அதில் ஜாடி எப்படி உடைந்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். "2024 ஏப்ரல் 26 அன்று, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஆழத்தில், ஓட்டுநர் பெங் லிஃபானின் கலம் மோதி உடைந்தது. அவரே தெரிவித்தார்" என்று எழுதியிருக்கிறேன். யென் நேற்று கூப்பிட்டுப் பெயரை எடுத்துவிடலாம் என்றார். "பையன் ஏற்கெனவே பட்டுட்டான், புத்தகத்துல வேற எதுக்கு? 'கலம் மோதியது'ன்னு மட்டும் போடு" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். இந்த அறிக்கை நம் துறையில் எல்லார் கையிலும் இருக்கும், நமக்குப் பிறகும் இருக்கும். உடைத்தவன் என்று உன் பெயர் அதில் நிற்க வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன். அக்காவாக எனக்கு எடுக்கத்தான் ஆசை. நீ சொல்.

சூயுன்


2024 செப்டம்பர் 27
சான்யா

அக்காவுக்கு,

பட்டறை வேலை பிடிக்கவில்லை. கேட்டதால் சொல்கிறேன். கலம் கரைக்கு வந்ததும் உப்பைக் கழுவி, திருகுகளைச் சரிபார்த்து, கண்ணாடியைத் துடைத்து வைக்கிறேன். உள்ளே உட்கார எனக்கு அனுமதி இல்லை. ஓட்டுநர்கள் பெயர்ப்பலகையில் என் இடத்தில் வேறு ஒருவன் பெயரை மாட்டியிருக்கிறார்கள். நல்ல பையன், பொறுமையாக ஓட்டுவான்.

பெயரை எடுக்காதே.

அறுபத்தெட்டு முறை கீழே போனேன். ஒழுங்காக ஓட்டிய அறுபத்தேழு முறையும் யாரும் திறக்காத பதிவேட்டில் வெறும் எண்ணாகத்தான் கிடக்கின்றன. பெயரோடு இருக்கப் போவது நீ எழுதியிருக்கிற இந்த ஒரு வரிதான். நான் அங்கே போயிருந்தேன் என்பதற்கு அதுவாவது இருக்கட்டும்.

லிஃபான்